ஓ2 போட்டதும் உடைகிறதா? லினக்ஸ் பில்டில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

புதுச்சேரி, கடலூர் பக்கம் கல்லூரி லேபுகளிலும் சின்ன அலுவலகங்களிலும் லினக்ஸ் கணினிகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு மேசையில் பழைய கோர் 2 டுவோ, பக்கத்து மேசையில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய பென்டியம், மாணவர் கையில் புது லேப்டாப், மூலையில் மழைமானியோடு இணைத்த ராஸ்பெர்ரி பை. ஒன்றில் பில்ட் செய்து பென் டிரைவில் எடுத்துப்போய் இன்னொன்றில் ஓட்டுவது இங்கே அன்றாட வேலை. கம்பைலர் ஆப்டிமைசேஷனால் (நிரல் வேகமாக ஓடக் கம்பைலர் செய்யும் மாற்றங்களால்) வரும் சிக்கல்களில் பெரும்பகுதி இங்கேதான் முளைக்கிறது. மீதியில் பெரும்பாலானவை நம் நிரலிலேயே முன்பிருந்து ஒளிந்திருந்த தவறுகள். கம்பைலரே தப்பு செய்தது என்று முடிவது மிக அரிது. அதனால் எந்த அறிகுறியானாலும் முதலில் எங்கே ஓடப்போகிறது என்று கேளுங்கள், அப்புறம் நிரலைச் சந்தேகியுங்கள். கம்பைலரின் முறை கடைசியில்தான்.

ஃபிளாக்குகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஒவ்வொன்றுக்கும் முன்னால் கழித்தல் குறி வரும். ஓ0, ஓ2, ஓ3 என்பவற்றில் முதலில் வருவது ஆங்கிலப் பெரிய எழுத்து, பூஜ்யம் இல்லை. ஓ0 என்றால் ஆப்டிமைசேஷனே கிடையாது, எண் ஏற ஏற அது கூடும். ஜிசிசி என்ற கம்பைலரிடம் எதுவும் சொல்லாவிட்டால் அது எடுத்துக்கொள்வது ஓ0-வைத்தான். பெரும்பாலான டிஸ்ட்ரோக்கள் தங்கள் பேக்கேஜ்களுக்குப் போடுவது ஓ2.

‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது

“அண்ணா, என் லேப்டாப்ல நல்லா ஓடுது, லேப்ல தொட்டதுமே செத்துப்போகுது” என்று காலாப்பட்டு மாணவர்கள் கேட்டால், பெரும்பாலும் விஷயம் இதுதான். ஷெல்லில் வெளியேறும் எண்ணைப் பார்த்தால் 132 இருக்கும். அது 128-உடன் சிக்னல் எண் 4. டிமெசேஜில் (கெர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) ‘இன்வேலிட் ஆப்கோட்’ என்று ஒரு வரியும் கிடைக்கும்.

மேக்ஃபைலில் (பில்ட் விதிகள் எழுதியிருக்கும் ஃபைல்) ‘மார்ச்=நேட்டிவ்’ இருக்கிறதா என்று தேடுங்கள். பில்ட் செய்யும் கணினியின் பிராசசருக்கு என்னென்ன கட்டளைகள் தெரியுமோ அத்தனையையும் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று கம்பைலருக்கு அனுமதி கொடுக்கும் ஃபிளாக் அது. பில்ட் செய்த கணினியிலேயே ஓட்டினால் ஒரு தொல்லையும் இல்லை. வேறு கணினிக்குக் கொண்டுபோனால்தான் ஆபத்து.

இங்கே பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. புது கணினிக்குப் பழையதற்குத் தெரிந்த எல்லாம் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். இன்டெல் 11-ஆம் தலைமுறை லேப்டாப்களில் ஏவிஎக்ஸ்-512 (பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடும் பிராசசர் கட்டளைத் தொகுதி) உண்டு. அடுத்து வந்த 12-ஆம் தலைமுறை டெஸ்க்டாப்களில் அது முடக்கப்பட்டிருக்கிறது. பழைய லேப்டாப்பில் நேட்டிவாகக் கட்டியது புது டெஸ்க்டாப்பில் சாகும். அதேபோல ஏவிஎக்ஸ்2 கோர் ஐ வரிசைக்கு 2013-இல் ஹேஸ்வெல்லோடு வந்துவிட்டது, ஆனால் அதே காலத்து பென்டியம், செலரான்களில் ஏவிஎக்ஸே கிடையாது. பெட்டியில் எழுதியிருக்கும் ஆண்டை நம்ப வேண்டாம். ஓடப்போகும் கணினியில் ‘எல்எஸ்சிபியு’ கட்டளை கொடுத்து, ஃபிளாக்ஸ் வரியைப் படியுங்கள். ராஸ்பெர்ரி பையிலும் இதே கதைதான்: பை 5-இல் இருப்பது கார்ட்டெக்ஸ்-ஏ76, பை 4-இல் கார்ட்டெக்ஸ்-ஏ72. ஐந்தில் நேட்டிவாகக் கட்டியது நான்கில் ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

எந்தக் கட்டளையில் செத்தது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ஜிடிபி என்ற டிபக்கரில் ஓட்டி, நின்றதும் ‘எக்ஸ்/ஐ $பிசி’ கொடுங்கள். அதில் ஒய்எம்எம், இசட்எம்எம் என்ற பெயருள்ள ரெஜிஸ்டர்கள் தெரிந்தால் பிராசசர் பொருத்தமின்மைதான். இசட்எம்எம் இல்லை, அதனால் ஏவிஎக்ஸ்-512 இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிறிய ரெஜிஸ்டர்களோடும் அந்தக் குடும்பத்துக் கட்டளைகள் வரும். ஆனால் அந்த இடத்தில் ‘யுடி2’ என்று இருந்தால் கதையே வேறு. இந்த இடத்துக்கு வரவே முடியாது என்று தீர்மானித்து கம்பைலரே வேண்டுமென்று வைத்த பொறி அது. பிராசசரை விட்டுவிட்டு, கீழே ஓ2 பற்றிய பகுதிக்குப் போங்கள். இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் ஒரு நாள் மிச்சம்.

இன்னொன்று, நின்ற இடம் உங்கள் புரோகிராமுக்குள் இல்லாமல் அது இழுத்துக்கொண்ட ஒரு லைப்ரரிக்குள் இருக்கலாம். அப்போது திரும்பக் கட்ட வேண்டியது அந்த லைப்ரரியை.

தீர்வு எளிது. பல கணினிகளில் ஓட வேண்டியது என்றால் நேட்டிவை எடுத்துவிட்டு, இருப்பதிலேயே பழைய கணினிக்குப் பொருந்தும் மட்டத்தைச் சொல்லுங்கள். 2020-இல் வரையறுத்த எக்ஸ்86-64-வி2, வி3, வி4 என்ற மட்டங்கள் இதற்காகத்தான். ஜிசிசி 11 முதல் இந்தப் பெயர்களை மார்ச்சுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். வி2-க்கு எஸ்எஸ்இ4.2 கட்டளைகள் வேண்டும், வி3-க்கு ஏவிஎக்ஸ்2-வும் எஃப்எம்ஏவும் (கீழே விளக்குகிறேன்) வேண்டும். கோர் 2 டுவோ வி2-வையே எட்டாது. அதற்கு மார்ச் எதுவும் கொடுக்காமல் விடுவதே சரி. ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.33 முதல், லைப்ரரிகளை ஏற்றும் டைனமிக் லோடரையே ‘--ஹெல்ப்’ போட்டு ஓட்டினால் அந்தக் கணினி எந்த மட்டம் வரை தாங்கும் என்று சொல்லிவிடும்.

வேகமும் வேண்டும், எல்லாக் கணினியிலும் ஓடவும் வேண்டும் என்றால், நேரம் தின்னும் அந்த ஓரிரு ஃபங்ஷன்களுக்கு மட்டும் ‘டார்கெட்_குளோன்ஸ்’ அட்ரிபியூட் போடுங்கள். கம்பைலர் ஒரே ஃபங்ஷனைப் பல மட்டங்களில் கட்டி வைக்கும், ஓடும்போது பொருத்தமானது தேர்வாகும். முழு புரோகிராமையும் நேட்டிவில் கட்டுவதைவிட இது நூறு மடங்கு நிம்மதி.

விடை கணினிக்குக் கணினி மாறுகிறது

மழைமானியில் ஒரு தட்டு சாய்ந்தால் 0.2 மி.மீ. என்று கூட்டிக்கொண்டே போகும் சின்ன புரோகிராம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேசைக் கணினியிலும் ராஸ்பெர்ரி பையிலும் ஒரே தரவு, ஒரே மூல நிரல், ஒரே ஓ2. ஆனாலும் பின்னால் போட்டிருக்கும் சராசரி, விலக்கக் கணக்குகளின் கடைசி இலக்கங்கள் ஒத்துப்போகவில்லை.

காரணம் எஃப்எம்ஏ. பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாகச் செய்து, இரண்டு முறைக்குப் பதில் ஒரே முறை முழுமைப்படுத்துவது. 64 பிட் ஆர்மில் இது அடிப்படைக் கட்டளைகளிலேயே சேர்ந்தது. சாதாரண எக்ஸ்86-64-இல் கிடையாது, வி3-க்குப் போனால்தான் வரும். ஜிசிசி ஆப்டிமைஸ் செய்யும்போது, நாம் கேட்காமலே, எஃப்எம்ஏ கிடைக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். பொதுவாக எஃப்எம்ஏ தரும் விடை இன்னும் துல்லியமானது. ஆனால் ஏ-யின் வர்க்கத்திலிருந்து பி-யின் வர்க்கத்தைக் கழிக்கும்போது, இரண்டும் சமமாக இருந்தாலும் பூஜ்யம் வராமல் ஒரு துளி எதிர்ம எண் வரக்கூடும். அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் கையில் கிடைப்பது என்ஏஎன், அதாவது ‘எண் அல்ல’ என்ற மதிப்பு.

எல்லாக் கணினியிலும் ஒரே விடை வேண்டுமென்றால் ‘எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப்’ போடுங்கள். ஆங்கிலத்தில் அது எஃப், எஃப், பி என்று மூன்று எழுத்தோடு தொடங்கும். வேகத்தில் கொஞ்சம் போகும். அறிக்கையாக வெளியே போகிற எண் என்றால் அந்த விலை கொடுக்கத் தக்கது. வேறு வேறு கணித லைப்ரரி பயன்படுத்தும் கணினிகளிடையே சைன், எக்ஸ்போனென்ஷியல் போன்ற ஃபங்ஷன்கள் இதற்கப்புறமும் சற்று விலகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வித்தியாசம் கடைசி இலக்கத்தில் நிற்காமல் மொத்தமே தப்பாக வந்தால், ஓஃபாஸ்ட் அல்லது எஃப்ஃபாஸ்ட்-மேத் எங்காவது நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓஃபாஸ்ட் என்பது ஓ3-க்கு மேலே ஒரு படி என்று நினைத்துப் போடுகிறார்கள். அது ஃபாஸ்ட்-மேத்தையும் சேர்த்தே இழுத்து வருகிறது. கூட்டல் வரிசையை மாற்றிக்கொள்ளவும், என்ஏஎன், முடிவிலி இரண்டும் வரவே வராது என்று எடுத்துக்கொள்ளவும் அது கம்பைலருக்கு உரிமை தருகிறது. இரண்டாவது உரிமைதான் மழைத் தரவுக்கு விஷம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட இரவில் கரன்ட் போகும், சென்சார் விட்டுவிட்டுத்தான் எழுதும். விடுபட்ட மணிகளை என்ஏஎன் என்று குறித்து, ‘இஸ்என்ஏஎன்’ கேட்டு ஒதுக்குவது நல்ல வழக்கம். ஃபாஸ்ட்-மேத்தில் அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்றே பதில் வரக்கூடும், ஏனென்றால் அந்தச் சோதனையையே கம்பைலர் தூக்கிவிடலாம். விடுபட்ட மணி கணக்குக்குள் நுழைந்துவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. அளவீட்டுத் தரவு தொடும் எந்தப் புரோகிராமுக்கும் ஃபாஸ்ட்-மேத் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இதில் பக்கத்துவீட்டுத் தொல்லையும் உண்டு. ஜிசிசி 13-க்கு முன், ஃபாஸ்ட்-மேத்தோடு லிங்க் செய்த ஒரு லைப்ரரியை ஏற்றினாலே, மிகச்சிறிய எண்களைப் பூஜ்யமாக்கும் பிராசசர் அமைப்பு அதை ஏற்றிய புரோகிராமையும் பாதித்துவிடும். உங்கள் மேக்ஃபைல் சுத்தமாக இருந்தும் விடை மாறினால், ஏற்றப்படும் லைப்ரரிகள் எப்படிக் கட்டப்பட்டவை என்று பாருங்கள்.

ஓ0-இல் சரி, ஓ2-இல் உடைகிறது

‘கம்பைலர் பக்’ என்று எல்லோரும் சொல்லும் இடம் இது. பெரும்பாலும் நடந்தது வேறு. சி, சி++ மொழிகள் சில செயல்களுக்கு விளைவு என்னவென்று வரையறுப்பதே இல்லை. அப்படி ஒன்று நிகழாது என்று நம்பி ஓ2 கணக்குப் போடுகிறது. ஓ0 அந்தக் கணக்கைப் போடாததால் தவறு வெளியே தெரியவில்லை.

எது என்று கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி: ஓ2-வை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஃபிளாக் மட்டும் சேர்த்துப் பார்ப்பது.

‘எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங்’ போட்டதும் சரியானால், ஒரு வகை நினைவிடத்தை வேறு வகையின் பாயிண்டரால் படிக்கிறீர்கள். சீரியல் போர்ட்டில் வந்த பைட் வரிசையை இன்ட் பாயிண்டராக காஸ்ட் செய்து படிப்பது இதன் வழக்கமான முகம். மெம்காப்பி கொண்டு மாற்றுங்கள். ஓ2 அந்த மெம்காப்பியை ஒரே ஒரு லோடாகச் சுருக்கிவிடும், வேகம் போகாது.

‘எஃப்ராப்வி’ போட்டதும் சரியானால், குறியுள்ள முழு எண் எங்கோ எல்லை தாண்டுகிறது. கூட்டிப் பார்த்துவிட்டு ‘சின்னதாகிவிட்டதா’ என்று கேட்கும் சோதனையை ஓ2 தூக்கிவிடும். கூட்டுவதற்கு முன்பே எல்லையைச் சோதியுங்கள், அல்லது ஜிசிசி, கிளாங் (இன்னொரு கம்பைலர்) இரண்டிலும் உள்ள ‘பில்ட்இன்_ஆட்_ஓவர்ஃப்ளோ’வைப் பயன்படுத்துங்கள்.

‘எஃப்டிரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்=ஜீரோ’ போட்டதும் சரியானால், மதிப்புக் கொடுக்காத மாறி ஒன்று இருக்கிறது. ஜிசிசியில் இந்த ஃபிளாக் 12-இல் வந்தது. வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி அந்த மாறி எந்த வரியில் என்று காட்டிக்கொடுக்கும்.

இவை கண்டறியும் கருவிகள். முதல் இரண்டையும் நிரந்தரமாகவே வைத்துக்கொள்ளும் திட்டங்களும் உண்டு. லினக்ஸ் கெர்னலே ஸ்ட்ரிக்ட் ஏலியாசிங் இல்லாமல்தான் கட்டப்படுகிறது. 2009-இல் கெர்னலின் டன் (மெய்நிகர் நெட்வொர்க்) டிரைவரில், பாயிண்டரைப் பயன்படுத்திய பிறகு அது ‘நல்’ (எதையும் சுட்டாத வெற்றுப் பாயிண்டர்) தானா என்று கேட்டிருந்தார்கள். பயன்படுத்தியாகிவிட்டது, எனவே ‘நல்’ ஆக இருக்க முடியாது என்று ஜிசிசி அந்தச் சோதனையை நீக்கியது. அது பாதுகாப்பு ஓட்டையானது. அதன்பின் அப்படி நீக்காமலிருக்கும் ஃபிளாக்கும் கெர்னலின் மேக்ஃபைலில் சேர்ந்தது. அவ்வளவு கண்கள் பார்க்கும் நிரலிலேயே இது நடக்கிறது.

அப்புறம் சானிடைசர்கள், அதாவது ஓடும்போதே தவறைப் பிடிக்கும் சோதனைகள். ‘எஃப்சானிடைஸ்=அட்ரஸ்,அன்டிஃபைன்டு’ சேர்த்து, உங்கள் வழக்கமான உள்ளீட்டோடு ஓட்டுங்கள். வரி எண்ணோடு சொல்லும். ஏலியாசிங் தவறை இவை பிடிக்காது, அதற்கு மேலே சொன்ன ஃபிளாக் சோதனைதான். ‘வால்’ (ஆங்கிலத்தில் டபிள்யூவோடு ஆல்) எச்சரிக்கையையும் திறந்து வையுங்கள். சி++-இல் மதிப்புத் திருப்ப வேண்டிய ஃபங்ஷனில் ரிட்டர்ன் விட்டுப்போயிருந்தால், ஜிசிசி 8 முதல் ஓ2-இல் ஓட்டம் அடுத்த ஃபங்ஷனுக்குள்ளேயே வழுக்கிப் போகலாம். அந்த எச்சரிக்கை திரையில் வந்திருக்கும், நாம்தான் தாண்டிப் போயிருப்போம்.

இவை எதிலும் சிக்காவிட்டால் பாதிப்பாதியாகப் பிரியுங்கள். எல்லா ஃபைல்களையும் ஓ0-இல் ஒரு முறை, ஓ2-இல் ஒரு முறை கட்டி இரண்டு தொகுதி ஆப்ஜெக்ட் ஃபைல்களை வைத்துக்கொள்ளுங்கள். பாதியை இதிலிருந்து, பாதியை அதிலிருந்து எடுத்து லிங்க் செய்து ஓட்டுங்கள். உடைந்தால் தவறு ஓ2 பாதியில். 64 ஃபைல் இருந்தாலும் 6 சுற்றில் ஒரே ஃபைலுக்கு வந்துவிடலாம். அந்த ஃபைலுக்குள் ஃபங்ஷன் ஃபங்ஷனாக ‘ஆப்டிமைஸ்’ அட்ரிபியூட் போட்டு ஓ0-க்கு இறக்கிப் பாருங்கள். அந்த அட்ரிபியூட் தேடுவதற்கு மட்டும். வெளியிடும் நிரலில் விட்டுவைக்காதீர்கள். பிரித்துத் தேடும்போது எல்டிஓ (லிங்க் செய்யும்போது ஃபைல்களைத் தாண்டி ஆப்டிமைஸ் செய்வது) அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபைல் எல்லையே கலைந்துவிடும்.

ஒரு லூப்பில் மாட்டி சிபியு 100 சதவீதத்தில் நிற்கிறது

வேறு திரெட் மாற்ற வேண்டிய ஒரு கொடி மாறியைச் சுற்றிக் காத்திருக்கும் லூப். இந்தத் திரெட்டில் யாரும் அதை மாற்றவில்லை என்று பார்த்த ஓ2, ஒரே முறை படித்துவிட்டு முடிவில்லாமல் சுற்றுகிறது. திரெட்டுகளுக்கு இடையே என்றால் அட்டாமிக் வகை போடுங்கள். சிக்னல் ஹாண்ட்லர் மாற்றுவது என்றால் ‘வாலடைல் சிக்_அட்டாமிக்_டி’. திரெட்டுகளுக்கு வெறும் வாலடைல் போட்டு ‘சரியாயிடுச்சு’ என்று நகர்ந்துவிட வேண்டாம். எக்ஸ்86-இல் சரியாக ஓடுவது, பையில் நினைவக வரிசை மாறித் தவறலாம்.

ரிலீஸ் பில்டில் மட்டும் ஒரு வேலை நடக்கவே இல்லை

அசர்ட் (ஒரு நிபந்தனை உண்மையா என்று பார்க்கும் சோதனை) அடைப்புக்குள் வேலை செய்யும் ஃபங்ஷனை அழைத்திருப்பீர்கள். சிமேக் என்ற பில்ட் கருவியின் ரிலீஸ் வகை ‘என்டிபக்’கை வரையறுக்கும், அசர்ட் முழுவதும் மறைந்துவிடும். அழைப்பை வெளியே எடுத்து, விடையை மட்டும் அசர்ட்டுக்குள் வையுங்கள்.

ஆப்டிமைஸ் செய்தும் வேகம் கூடவில்லை

ஃபிளாக் உண்மையில் போய்ச்சேர்ந்ததா என்று பாருங்கள். சிமேக்கில் பில்ட் டைப் எதுவும் சொல்லாவிட்டால், திட்டமே வேறு சொல்லியிருந்தாலொழிய, ஆப்டிமைசேஷன் இல்லை. மெசான் வழக்கமாக எடுப்பது டிபக் வகை, அதாவது ஓ0. ஆட்டோடூல்ஸ் தானாக ஓ2 போடும், ஆனால் நீங்கள் சிஃபிளாக்ஸில் மார்ச்சை மட்டும் எழுதிக் கொடுத்தால் அந்த ஓ2 போய்விடும், ஏனென்றால் உங்களுடையது அதற்குப் பதிலாக உட்காருகிறது. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். ‘மேக் வி=1’ அல்லது சிமேக்கின் வெர்போஸ் காட்டும் முழு வரியைப் படித்தால் சந்தேகம் தீரும்.

ஃபிளாக் சரி என்றால் அளக்கும் விதத்தைப் பாருங்கள். கத்திரி வெயிலில், ஃபேன் மட்டும் ஓடும் அறையில், தூசியும் உப்புக்காற்றும் படிந்த ஹீட்சிங்க்கோடு இருக்கும் கணினி சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஓ2-வை முதலில் ஐந்து முறை, ஓ3-ஐ அப்புறம் ஐந்து முறை ஓட்டினால், ஓ3 சூடான பிராசசரில் ஓடுகிறது. முடிவு பொய். மாற்றி மாற்றி ஓட்டுங்கள், ‘சென்சார்ஸ்’ கட்டளையில் வெப்பத்தையும் ‘பெர்ஃப் ஸ்டாட்’டில் சைக்கிள் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். கடலூர் துறைமுகம் பக்கம் வைத்த கணினி என்றால் ஹீட்சிங்கைச் சுத்தம் செய்வது ஓ3-ஐவிட அதிக பலன் தரலாம்.

ஓ3 நிரலைப் பெரிதாக்கும். கேஷில் அடங்காமல் ஓ2-வைவிட மெதுவாகவும் ஆகலாம். ஜிசிசி 12 முதல் ஓ2-விலேயே ஓரளவு வெக்டரைசேஷன் சேர்ந்துவிட்டது. அளந்து லாபம் தெரியாத வரை ஓ2-இல் நில்லுங்கள்.

பில்டே நடுவில் சாகிறது

‘கில்டு’ என்ற சொல்லோடு சிசி1பிளஸ் (ஜிசிசியின் சி++ பகுதி) நின்றால் நினைவகம் போதவில்லை. டிமெசேஜில் அவுட் ஆஃப் மெமரி வரி இருக்கும். மேக்கின் ஜே எண்ணை (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் எண்ணிக்கை) குறையுங்கள், ஸ்வாப் சேருங்கள். கனமான சி++ திட்டத்துக்கு ஒரு ஜேவுக்கு 2 ஜிபி என்று கணக்கு வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

‘இன்டர்னல் கம்பைலர் எரர்’ வந்து, மறுபடி ஓட்டினால் வேறு ஃபைலில் வந்தால், ரேமையோ மின்சாரத்தையோ பாருங்கள். மறுபடி முயன்று அதே பிழை வராதபோது, இது ஹார்டுவேர் கோளாறாக இருக்கலாம் என்று ஜிசிசியே சொல்வதுண்டு. ஒரு இரவு மெம்டெஸ்ட் ஓட விடுங்கள். ரேம் கார்டைக் கழற்றி, தொடுமுனையைத் துடைத்து மாட்டினாலே சரியாவதும் கடலோர ஊர்களில் நடக்கும்.

எல்டிஓ சேர்த்ததும் லிங்க் ஆகவில்லை

‘பிளகின் தேவை’ என்ற பொருளில் செய்தி வந்தால், ஸ்டாட்டிக் லைப்ரரியைச் சாதாரண ஏஆர் (ஆப்ஜெக்ட் ஃபைல்களைத் தொகுக்கும் கருவி) கொண்டு கட்டியிருக்கிறீர்கள். ‘ஜிசிசி-ஏஆர்’, ‘ஜிசிசி-ரான்லிப்’ பயன்படுத்துங்கள். பைட்கோட் பதிப்பு பொருந்தவில்லை என்றால் பழைய ஜிசிசியின் ஆப்ஜெக்ட் ஃபைல்கள் மிச்சமிருக்கின்றன. ‘மேக் கிளீன்’ செய்து முழுதாகக் கட்டுங்கள். பென் டிரைவில் பில்ட் ஃபோல்டரோடு கொண்டுவந்த திட்டங்களில் இது அடிக்கடி வரும்.

ஜிடிபி ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்கிறது

அந்த மாறி அந்த நொடியில் எங்கும் இல்லை. ‘ஓஜி’யும் ‘ஜி’யும் போட்டுக் கட்டிப் பாருங்கள். ஓ2-இல்தான் சிக்கல் வருகிறது என்றால் ஓ2-வோடு ஜி சேர்த்து, அந்த ஒரு ஃபைலை மட்டும் ஓஜிக்கு இறக்குங்கள். பெர்ஃபில் அழைப்பு வரிசை உடைந்து தெரிந்தால் ‘எஃப்நோ-ஓமிட்-ஃபிரேம்-பாயிண்டர்’ சேருங்கள். ஃபெடோரா 38-உம் உபுண்டு 24.04-உம் தங்கள் பேக்கேஜ்களை இப்படித்தான் கட்டுகின்றன.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் கம்பைலர் மேல்தான் சந்தேகம்

அப்படியானால் அதே நிரலைக் கிளாங்கிலும், ஜிசிசியின் வேறொரு பதிப்பிலும் கட்டிப் பாருங்கள். ஒரே ஒரு பதிப்பில் மட்டும் உடைந்து, ராப்வி, நோ-ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங் இரண்டும் போட்ட பிறகும் உடைந்து, சானிடைசரும் மௌனமாக இருந்தால், புகார் எழுதத் தகுதியான விஷயம். ஜிசிசி குழுவும் புகார் எழுதுமுன் இதே சோதனைகளைத்தான் செய்யச் சொல்கிறது. ‘சேவ்-டெம்ப்ஸ்’ போட்டால் பிரீபிராசஸ் ஆன ஃபைல் கிடைக்கும். சிவைஸ் கருவி அதைச் சில பத்து வரிகளுக்குச் சுருக்கித் தரும். அந்தச் சின்ன ஃபைல், ‘ஜிசிசி -வி’ காட்டும் முழு வெளியீடு, கொடுத்த ஃபிளாக்குகள், எதிர்பார்த்த விடை, வந்த விடை ஆகியவற்றை ஜிசிசி பக்சில்லாவில் பதியுங்கள். பதில் வரும் வரை அந்த ஒரு ஃபைலை மட்டும் மேக்ஃபைலில் ஓ1-இல் கட்டிக்கொண்டு, புகார் எண்ணைப் பக்கத்திலேயே குறிப்பாக எழுதி வையுங்கள்.